அக்கா முகத்து நிழல்

முகத்தில் நிழல் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கல்யாண அழைப்பிதழுக்கு ஜோடிப் படம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கார்ட்டூன், பாலர் பள்ளிக்குச் சுவர்ப்படம், எதுவானாலும் கடைசியில் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்துவிடும். "ரொம்ப நல்லா இருக்கு சிஸ்டர். ஃபேஸ் மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்க லா." பிரைட் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளையாக்கு என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இன நல்லிணக்க நாள் கொண்டாடி வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்.

வீடு சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில். ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் சாய்த்து வைத்த திரை, அதில் வரைய ஒரு பேனா. அலுவலகம், பட்டறை எல்லாம் அவ்வளவுதான். என்ன தொழில் என்று கேட்கிறவர்களிடம் டிஜிட்டல் ஓவியம் என்றால், "ஓ, கம்ப்யூட்டரே வரைஞ்சிடுமா?" என்பார்கள். ஆமாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு விசிறிவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரும். சொல்வதில்லை.

நான் சொல்லப்போகும் விஷயம் புரிய வேண்டுமானால் நிழல் எப்படிப் போடுகிறோம் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கணினியில் ஒரு முகத்தை ஒரே தாளில் வரைவதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல லேயர் லேயராக வரைவோம். அடியில் தோலின் நிறம், அதன்மேல் நிழல், எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சம். நிழல் லேயரை மல்ட்டிப்ளை என்ற முறையில் வைத்தால், கீழே இருக்கும் நிறத்தை மறைக்காமல் அதை ஆழப்படுத்தும். ஆழப்படுத்த மட்டும்தான் அதற்குத் தெரியும், வெளுக்க வைக்கத் தெரியாது. அதனால் அடியில் போடும் நிறத்தை, நேர் வெளிச்சம் படும் இடத்தின் நிறமாக, வெளிறியதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் பார்த்தால் யாருடைய முகமாகவும் இருக்காது. மூக்கு, கண்குழி, தாடை, வயது எல்லாம் நிழல் விழுந்த பிறகுதான் வரும். ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதைத் தொட்டால் அந்த லேயர் மறைந்துவிடும், மறுபடி தொட்டால் திரும்பி வரும். வாடிக்கையாளர்களின் மனம் எந்த நேரத்திலும் மாறும் என்று தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் செய்து வைத்த வசதி.

நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது நிழலுக்குச் சாம்பல் கலந்த நீலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் பார்த்த மாதிரிப் படங்களில் இருந்த முகங்களுக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதையே என் முகத்துக்குப் போட்டேன். டைஃபாய்டில் கிடந்து எழுந்தவள்போல இருந்தேன். கறுப்புத் தோலுக்குச் சாம்பல் போட்டாலும் செத்துவிடும், கறுப்பைப் போட்டாலும் செத்துவிடும். ஒருநாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். எங்கள் நிழலில் இருப்பது சிவப்பு. கழுத்தோரம் நாவல்பழ நிறம், வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில் செங்கல்லைத் தேய்த்ததுபோல ஒரு சூடு. ஜன்னல் பக்கம் திரும்பினால் கன்ன மேட்டில் வானத்தின் நீலமே தெரியும். இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு, நமக்கு நிறமில்லை என்று எத்தனை வருஷம் நம்பியிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை.

என் அக்காவும் இதே நிறம்தான். என்னைவிட ஒரு பிடி கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். நான் எதிர்த்துப் பேசியே வளர்ந்தவள். அவள் சிரித்துக்கொண்டே வளர்ந்தவள். சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் அவள் பச்சைப் புடவையைத் தொட்டால், "இது உங்களுக்கு எடுக்காதும்மா" என்று விற்பனைக்காரர் பழுப்பில் ஒன்றை உருவிப் போடுவார். அவளும் பழுப்பையே வாங்கிக்கொண்டு வருவாள். பெண் பார்க்க வந்த குடும்பங்கள் வடையைத் தின்றுவிட்டு, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று பிறகு போனில் சொல்லும். அத்தான் வந்து சரியென்றபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர் நல்ல சிவப்பு. "அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று உறவுக்காரர்கள் அக்காவின் காதுபடவே பேசினார்கள். அவள் அதையும் கேட்டுக்கொண்டு பாயசம் பரிமாறினாள்.

கைத்தொலைபேசியில் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் வந்ததும் அக்காவுக்குப் புது வாழ்வு வந்தது. எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் ஒரு தட்டுத் தட்டித்தான் குடும்பக் குழுவுக்கு அனுப்புவாள். நான் சண்டை போட்டேன். "ஒனக்கு வாய் இருக்கு, பேசற. எனக்குப் போன் இருக்கு, தட்டுறேன். விடேன்" என்றாள்.

பிறகு ஈரலில் நோய் வந்து, யாரும் சுதாரிப்பதற்குள் போய்விட்டாள். மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் முடிந்து, உட்லண்ட்ஸில் அக்கா வீட்டுக்குத் திரும்பியதும் அத்தான் என்னைக் கூப்பிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். அவர் கேட்காவிட்டாலும் நானே செய்திருப்பேன். என் தொழிலுக்கு ஒரு அர்த்தம் உண்டென்றால் அதுதான் என்று நினைத்தேன்.

பார்த்து வரைய அவள் படம் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கணக்கில் இருந்தன, ஆனால் எதிலும் அவள் இல்லை. எல்லாம் அந்த ஒரு தட்டு வாங்கிய படங்கள். மூக்கு கரைந்து, கன்னம் மாவு பூசியதுபோல ஆகி, மூக்குத்தி மட்டும் மின்னியது. பழைய கல்யாண ஆல்பத்திலோ, புகைப்படக்காரர் தன் பங்குக்கு விளக்கை ஏற்றிப் பவுடரை அப்பி வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து அவளை எல்லோரும் சேர்ந்து அழித்து வைத்திருந்தார்கள். அவளும் கூடச் சேர்ந்துதான். அந்தக் கோபத்தை அவள்மேல் காட்ட முடியவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். அப்போது பதினேழு வயது, தொடக்கக் கல்லூரியில் முதல் வருஷம். அப்பாவின் உயரம், மற்றதெல்லாம் அம்மா. அந்த வீட்டில் அந்த நிறத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர், இப்போது அவள் ஒருத்திதான். அவளை என் வீட்டுக்கு வரவழைத்தேன். அக்காவுடைய கடுகு மஞ்சள் புடவை ஒன்றைத் தோளில் போட்டு, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். முக அமைப்பை என் நினைவிலிருந்தும் அந்த மாவுப் படங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தையும் நிழலையும் அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டேன். புடவையின் மஞ்சள் தாடைக்கு அடியில் ஏறித் தெரிந்ததை அப்படியே வாங்கினேன். மூக்குக்குக் கீழே விழும் நிழலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், கன்னத்தில் இறங்கும் நிழலுக்கு விளிம்பே தெரியாது. இரண்டையும் ஒரே தூரிகையில் போட்டால் முகம் பொம்மையாகிவிடும். உதடுகள் சேரும் கோட்டிலும், காது மடலுக்குப் பின்னாலும் மட்டும் கடைசி ஆழம். மூக்குத்திக்குக்கூட மிளகளவு ஒரு நிழல் வைத்தேன். அது இல்லாவிட்டால் மூக்குத்தி மூக்கில் உட்காராது.

முடித்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் திரையில் நெற்றியோரத்தைத் தொட்டு, "அம்மா குளிச்சிட்டு வந்தா இந்த எடம் இப்படித்தான் இருக்கும் சித்தி" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். எத்தனையோ பேர் என் படங்களைப் பாராட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் இதன் பக்கத்தில் வராது.

படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தருவதற்கு லிட்டில் இந்தியாவில் அத்தானுக்குத் தெரிந்த கடை ஒன்று இருந்தது. பெரிதாக அச்சடிக்க வேண்டும், ஒரிஜினல் ஃபைல்தான் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதாகச் சொன்னார். அச்சகத்துக்கு எப்போதும் அனுப்புவதுபோல லேயர்களோடே அனுப்பினேன். எங்கள் தொழிலில் அதுதான் ஒழுங்கு. அச்சில் நிறம் சரியாக வராவிட்டால் திருத்திக்கொள்ள வசதியாக இருக்கும். அதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காலை உட்லண்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் மாலை போட்டு, சுமங்கலியாகப் போனவள் என்று கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, முன்னால் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். அதில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. நிழல் லேயரே இல்லை. நான் அடியில் போட்ட வெளிறிய நிறம் மட்டும், அதற்கும் மேல் யாரோ கொஞ்சம் வெளிச்சத்தை ஏற்றி, தோசை மாவு நிறத்தில் தட்டையாக ஒரு முகம். தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூக்குத்தி அந்தரத்தில் நின்றது.

என் கோபத்தைவிடக் கொடுமையானது எனக்குக் கிடைத்த பாராட்டு. வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூக்கும் முழியுமாக வரைந்திருக்கிறேன் என்றார்கள். அத்தானின் அக்கா என் கன்னத்தைத் தடவி, மகாலட்சுமியாட்டம் இருக்கிறாள், உனக்குக் கைராசி என்றார். ஐயர் உட்கார்ந்துவிட்டார், மந்திரம் தொடங்கிவிட்டது. செத்த வீட்டில் என்ன பேச முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். என் அக்காவை அழித்ததற்கு நான் நன்றி வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் அத்தானைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய், கடைக்காரர் படத்தைக் கெடுத்துவிட்டார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரங்களை ஒதுக்கி வைத்தார்.

"கடைக்காரர் இல்லம்மா. நான்தான் பண்ணச் சொன்னேன். அவளுக்கு அந்த ஆசை எவ்வளவு இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது. இருந்தப்போ குடுக்க முடியல. படத்துலயாவது குடுத்தேன்."

"அந்த ஆசைய அவளுக்குக் குடுத்தது யாரு அத்தான்?"

அவர் அதே பாத்திரத்தை மறுபடி எடுத்து ஒதுக்கி வைத்தார். கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ராப்பகலாக அவள் காலைப் பிடித்துவிட்டவர். அந்த மனிதரைத் திட்டவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் ரயிலேறினேன்.

அடுத்த வாரம் அந்தச் சட்டக் கடைக்கும் போனேன். சண்டை போடத்தான் போனேன். சாமி படங்களுக்கும் செத்தவர்கள் படங்களுக்கும் நடுவில் கடைக்காரர் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த செத்தவர்கள் எல்லோரும் ஒரே நிறமாக இருந்தார்கள், வயதானவர்கள், சின்ன வயதில் போனவர்கள், ஆண், பெண் எல்லாரும். கறுப்பாகப் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள் மேடம் என்று அவர் சலித்துக்கொண்டார். மற்றப் படங்களுக்கு அரை நாள் உட்கார்ந்து வெளுக்க வேண்டியிருக்குமாம், என் படத்துக்கு ஒரு தட்டோடு வேலை முடிந்ததாம். லேயருக்கெல்லாம் பேர் போட்டு எவ்வளவு சுத்தமாகக் கொடுத்திருந்தீர்கள் என்று மனசாரப் புகழ்ந்தார். இதற்குமேல் அங்கே நின்று என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து எல்லா லேயரையும் ஒன்றாக இணைத்தேன். இனி எந்தக் கண்ணைத் தொட்டாலும் எதுவும் மறையாது. வேறு கடையில் நல்ல தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, உட்லண்ட்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்தது, அதை நான் பார்த்தேன். ஆனால் அவருடைய அக்கா முந்திக்கொண்டார். விளக்கேற்றிக் காரியம் பண்ணின படத்தை இறக்கக்கூடாது, அது ஆகாது, ஒரு ஆளுக்கு வீட்டில் இரண்டு படம் மாட்டுவதும் வழக்கமில்லை என்றார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பெரியவர்கள் சொன்னது என்றார். அத்தானுக்கு அது வசதியாகப் போயிற்று. நான் கொண்டுபோன படத்தைத் துணியில் சுற்றி, அலமாரி மேலே சூட்கேஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மகளாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். என்னோடு கீழே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். "லெட் இட் கோ சித்தி. அம்மாகிட்ட கேட்டா அம்மாவே ஹால்ல இருக்கறதத்தான் சூஸ் பண்ணுவாங்க" என்றாள். உண்மைதான். அந்த உண்மைதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. உனக்கு எது வேண்டும் என்று நான் கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்று கையைக் காட்டினாள்.

வருஷத் திதிக்குப் போனபோது கூடத்தில் அதே படம், புது மாலை. சாப்பாடெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும், அதே மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு தம்பதி துக்கம் விசாரிக்க வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், அக்காவைப் பார்த்ததில்லை. அத்தான் அவர்களை உட்கார வைத்தார். மகள் டீ கொண்டுவந்தாள். ஒரு வருஷத்தில் அவள் அச்சு அசல் அக்காவாகவே ஆகியிருந்தாள், தட்டை நீட்டும்போது கழுத்தைச் சாய்ப்பதுகூட. ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணி டீயை எடுத்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"அம்மா நல்ல கலரு. அப்பாவும் நல்ல கலரு. நீ யாரு மாதிரிம்மா?"

அவள் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கூடத்தில் யாரையோ தேடுவதுபோலப் பார்த்தாள். நான் கண்ணில் பட்டேன்.

"எங்க சித்தி மாதிரி ஆன்ட்டி" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நான் பூரித்துப் போயிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. பெற்றவளுடைய படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, தன் முகத்துக்குச் சொந்தம் கேட்டு அந்தப் பெண் வேறொருத்தியைத் தேட வேண்டியிருந்தது. அத்தான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவள் அம்மா மாதிரி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். மகளும் காத்திருந்தாள், தட்டைக் கீழே இறக்காமல்.

"டீ ஆறிடப் போகுது, குடிங்க" என்றார் அத்தான்.